கடல் கொண்டதா, கரை நகர்ந்ததா?



தமிழ் இலக்கியத்தோடு சிறிதளவேனும் பழக்கம் உள்ள எவருக்கும் ‘கடல்கோள்’ என்ற சொல் புதியதன்று. முச்சங்க வரலாற்றைக் கூறும் இறையனார் களவியல் உரை, முதலிரு சங்கங்களும் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதாகச் சொல்கிறது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் அழிவை மணிமேகலை கூறுகிறது. பாளி மொழியில் எழுந்த மகாவம்சத்திலும், களனியை ஆண்ட திஸ்ஸ மன்னனின் காலத்தில் கடல் பொங்கி நாட்டுக்குள் புகுந்த கதை உண்டு.

இப்பகுதிகளை வகுப்பில் படிப்பிக்கும்போது, “சேர், இதெல்லாம் உண்மையாய் நடந்ததா?” என்று கேட்காத மாணவர் தொகுதியை நான் இன்னும் காணவில்லை. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் ‘கடல் கொண்டது’ என்னும் ஒரு தொடருக்குள் வெவ்வேறான பல நிகழ்ச்சிகள் அடங்கிக் கிடக்கின்றன. கடல் உயர்ந்திருக்கலாம்; நிலம் தாழ்ந்திருக்கலாம்; மட்டம் மாறாமலே அலை கரையை அரித்திருக்கலாம்; ஒரே நாளில் பேரலை வந்து திரும்பியிருக்கலாம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் கலையே பழங்கால கடல்மட்டத்தை ஆராயும் விஞ்ஞானம். அது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இது நூலகத்தோடு முடிந்துவிடும் ஆராய்ச்சியும் அன்று. திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை வீதியிலே செல்பவர்கள் இறக்கக்கண்டியை அறிவார்கள். ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் களப்பு, இடையிலே மணலும் மக்களும். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி இந்த மணலைக் கடந்து கடல் வந்ததைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். கடல் முன்பு எங்கே நின்றது, இனி எங்கே நிற்கும் என்பது இத்தகைய ஊர்களுக்கு வாழ்வோடு ஒட்டிய கேள்வி.

கடலை அளந்த வரலாறு, நமக்கு வெகு தொலைவிலுள்ள சுவீடன் தேசத்தில் ஒரு பாறையிலே தொடங்குகிறது. வெப்பமானியால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த அன்டேர்ஸ் செல்சியஸ், அந்நாட்டுக் கடலோர மக்கள் சொன்ன செய்தி ஒன்றைக் கவனித்தார். கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் பாறைகள் தலைமுறைக்குத் தலைமுறை நீருக்கு மேலே உயர்ந்துகொண்டு போகின்றன என்பதே அச்செய்தி. 1731 ஆம் ஆண்டு லோவ்கிருண்ட் என்னும் தீவின் பாறையொன்றிலே அன்றைய நீர்மட்டத்தில் ஒரு கோடு வெட்டச் செய்தார். கடல்நீர் வற்றிக்கொண்டு போகிறது என்பது அவருடைய முடிவு. அந்தக் கோடு இன்று கடலுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் மேலே நிற்கிறது. அவருடைய அளவு சரி, முடிவுதான் பிழை. அங்கே கடல் இறங்கவில்லை, நிலம் எழும்புகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தன்மேல் கிடந்த பனிக்கட்டியின் பாரம் நீங்கியதால், அழுத்திய கையை எடுத்த பஞ்சணைபோல அந்நாட்டு நிலம் இன்னும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது. பனியின் பாரம் நிலத்தைத் தாழ்த்தும் என்ற கருத்தை 1865 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த தோமஸ் ஜேமிசன் வெளியிட்டார்.

இரண்டாவது பாடம் இத்தாலியிலே, நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொற்சுவோலியில் கிடைத்தது. செராப்பிஸ் கோயில் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட, உண்மையில் உரோமர் காலத்துச் சந்தையான ஒரு கட்டடத்தின் மூன்று சலவைக்கற்றூண்கள் அங்கே நிற்கின்றன. அவற்றிலே, தரையிலிருந்து சில மீற்றர் உயரத்தில், பட்டி கட்டியதுபோலத் துளைகள் உள்ளன. அவை கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் இட்ட துளைகள். அப்படியானால், கட்டி முடித்தபின் அத்தூண்கள் கடலுள் நின்றிருக்க வேண்டும். பிறகு, விழாமலே வெளியே வந்திருக்க வேண்டும். எரிமலைப் பகுதியான அவ்விடத்தில் நிலமே தாழ்ந்தும் உயர்ந்தும் வந்தது. சாள்ஸ் லயல் 1830 இல் வெளியிட்ட புவிச்சரிதவியல் நூலின் முகப்பிலே இத்தூண்களின் படத்தையே இட்டார். கல் பேசாது, ஆனால் கல்லிலே குடியிருந்த உயிர், தான் எந்த நீரில் வாழ்ந்தது என்பதைச் சொல்லும் என்பது அன்று கற்ற பாடம்.

மூன்றாவது கருத்தைத் தந்தவர் ஒரு பத்திரிகையாளர் என்பது இப்பத்தியின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும். ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒருகாலத்தில் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என்று லூயி அகாசி 1840 இல் எழுதினார். ‘ஸ்கொட்ஸ்மன்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த சாள்ஸ் மக்லாரன் அதை ஆராய்ந்து எழுதும்போது எளிய கேள்வியொன்றை எழுப்பினார். அவ்வளவு பனிக்கும் நீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் பனி பெருகிய காலமெல்லாம் உலகக் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். இக்கருத்து பின்னாளில் உறுதியாயிற்று.

ஆக, பழைய கடல் பற்றிச் சாட்சி சொல்ல வரும் எந்தப் பொருளிடமும் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. நீ வாழ்ந்தபோது கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருந்தாய்? உன் வயது என்ன? அன்றிருந்த இடத்திலேதான் இன்றும் இருக்கிறாயா, அல்லது நிலத்தோடு ஏறியோ இறங்கியோ, வேறொருவர் கைப்பட்டோ இங்கு வந்தாயா? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத பொருளின் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை.

முதற் கேள்விக்குச் சிறந்த விடை தருவது முருகைக்கல். நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்களைப் பார்த்தவர்களுக்கு, அவை வெளிச்சம் படும் ஆழமற்ற நீரை விரும்புவன என்பது விளங்கும். சில இனங்கள் மேல் ஐந்து மீற்றருக்குள்ளேதான் செழித்து வளரும். வேறு சில, மிகத் தாழ்ந்த வற்றுமட்டம் வரை வளர்ந்து, அதற்குமேல் உச்சி பட்டுப்போய்ப் பக்கவாட்டில் மட்டும் பரவித் தட்டையாகும். அத்தட்டை உச்சி கடல் தானே வைத்த அளவுக்கோடு. களப்பின் சேறும் நல்ல சாட்சி. கண்டற் காட்டின் வேரும் மட்கிய இலையும் வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட இடத்தையே காட்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள், நன்னீரில் ஒருவகை, உவர்நீரில் இன்னொருவகை, கடல்நீரில் மற்றொருவகை எனப் பிரிந்திருக்கும். குழாயொன்றைச் சேற்றிலே இறக்கி மண்தூணாக மேலே எடுத்தால், அடியிலிருந்து நுனிவரை கடல் வந்துபோன கணக்கை ஓலைச்சுவடிபோலப் படிக்கலாம்.

இரண்டாம் கேள்விக்கு விடை இரசாயனத்திலிருந்து வந்தது. 1940களின் இறுதியில் வில்லார்ட் லிபி கண்ட காபன் 14 முறை அதன் திறவுகோல். உயிர் போனபின் உடலிலுள்ள காபன் 14, ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் வயது தெரியும். ஆனால் கடற்சிப்பியிடம் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆழ்கடலின் பழைய நீர் கலப்பதால், சிப்பி தன் வயதைச் சராசரி 400 ஆண்டுகள் கூட்டிச் சொல்லும். அதைத் திருத்திக்கொள்ளாமல் எந்த மன்னன் காலத்தோடும் பொருத்திப் பார்க்க முடியாது. இன்னும் தொன்மையான முருகைக்கற்களுக்கு, யுரேனியம் தோரியமாக மாறும் வேகம் கடிகாரமாக உதவுகிறது.

ஆழ்கடலடியில் இன்னொரு பேரேடு இருக்கிறது. ஒட்சிசனுக்குப் பாரம் குறைந்தது, பாரம் கூடியது எனச் சமதானிகள் உண்டு. பாரம் குறைந்த ஒட்சிசன் கொண்ட நீர் எளிதில் ஆவியாகிப் போய்ப் பனியாக உறையும். பனி பெருகினால், எஞ்சிய கடல்நீரில் பாரம் கூடிய ஒட்சிசனின் பங்கு கூடும். அந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் தம் ஓடுகளில் அதைப் பதித்துவைக்கும். 1973 இல் நிக்கலஸ் ஷக்கிள்டனும் நீல் ஒப்டைக்கும் பசுபிக் சமுத்திரத்தின் அடியிலிருந்து எடுத்த ஒரே மண்தூணிலே, ஏறத்தாழ 8 இலட்சம் ஆண்டுகளில் பனி பெருகியதும் உருகியதும் மாறிமாறி வந்ததைப் படித்துக் காட்டினர். 1989 இல் றிச்சர்ட் ஃபெயார்பாங்ஸ், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோஸின் கரைக்கு அப்பால் கடலடியைத் துளைத்து, ஆழமற்ற நீரில் மட்டும் வளரும் முருகைக்கற்களை எடுத்தார். அத்தீவு மெல்ல உயர்ந்து வருவது. அவ்வுயர்வைக் கழித்தே அவர் கணக்கிட்டார். பனி உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீற்றர் கீழே நின்றது என்பது கிடைத்த விடை. அதற்குப் பின் கடல் 120 மீற்றர் எழுந்தது.

இதை நம் நாட்டுப் படத்திலே வைத்துப் பாருங்கள். பாக்குநீரிணையை அடுத்த பாக்குக் குடா பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. கடல் 120 மீற்றர் தாழ்ந்திருந்த நாளில் யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கடலே இல்லை. விலங்கும் மனிதனும் கால் நனையாமல் நடந்து வந்த நிலம் அது. ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னர்தான் உயர்ந்துவந்த கடல் இரண்டையும் பிரித்தது. ஆனால் திருகோணமலையில் நிலைமை வேறு. இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை சராசரி 20 கிலோமீற்றர் அளவே அகலம் கொண்டது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே மாபெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. ஆகவே அதே 120 மீற்றர் இறக்கம் மன்னாரில் ஒரு நாட்டையே திறந்து வைத்தது. இங்கோ, கரையைச் சிறிது தூரம்தான் தள்ளி வைத்தது. கடல் எவ்வளவு ஏறியது என்பது ஒன்று. எவ்வளவு நிலத்தைக் கொண்டது என்பது வேறொன்று.

இலங்கையின் கடல் சொன்ன இன்னொரு செய்தி வியப்பானது. 1980களில் புவியியலாளர் ஜினதாச கட்டுப்பொத்த, தென்மேற்கு, தெற்குக் கரையோரங்களில் நிலத்துக்குள்ளே கிடைக்கும் முருகைக்கற்களையும் சிப்பிப் படுகைகளையும் ஆராய்ந்து காபன் முறையால் வயது கண்டார். அக்குறளை போன்ற இடங்களில் சுண்ணாம்புக்காகத் தோண்டப்பட்ட முருகைக்கற்கள் ஏறத்தாழ 6000 ஆண்டுகள் பழையன. அக்காலத்துக் கடல் இன்றைய மட்டத்தைவிட ஒரு மீற்றர் அளவிலேனும் உயர்ந்து நின்று, பின்பு இறங்கியது என அவை காட்டின. உலகப் பனி உருகியபின் கடல் ஏன் இறங்க வேண்டும்? பனி கிடந்த நாடுகளைச் சுற்றிப் புடைத்திருந்த கடலடி, பனி நீங்கியதும் தாழ்ந்தது. அப்பள்ளத்தை நிரப்ப வெப்பவலயக் கடலிலிருந்து நீர் வடிந்து சென்றது. செல்சியஸின் பாறையை உயர்த்திய அதே காரணம் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அக்குறளையில் கடலை இறக்கியது. கடலின் மேற்பரப்புக்கூட எங்கும் ஒரே மட்டமாக இல்லை. புவியீர்ப்பு வேறுபாட்டால், இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் அது, கணித அளவில் பூமிக்கு வகுத்த பொது வடிவத்தைவிட 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது.

இப்போது நம்முடைய ‘கடல்கோள்’களை இந்த மூன்று கேள்விகளின் முன்னே நிறுத்துவோம்.

கோணேசர் மலையின் அடியிலே, கடலுக்குள் செதுக்கிய கற்றூண்கள் கிடக்கின்றன. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடி அவற்றைக் கண்டனர். கடலுள் கிடக்கும் கோயிலைக் கண்டவுடன் ‘கடல் கொண்டது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்றாம் கேள்விக்கு அத்தூண்கள் சொல்லும் விடை வேறு. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று; ஒரு பகுதி மலையிலிருந்து கடலில் விழுந்தது. அங்கே கொண்டது கடல் அன்று, மனிதக் கை. இதைக் கடலின் கணக்கிலே எழுதிவிட்டால் வரலாறே பிழைத்துப் போகும்.

அடுத்து, பாண்டியரின் கொற்கையும் சோழரின் புகாரும். முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமான கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே ஒரு சிற்றூர். 19 ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து கடற்சிப்பிகள் கிடைத்தன. புகாரிலோ, கடல் கரையைத் தின்றுகொண்டு உள்ளே வந்திருக்கிறது. அதன் அருகே கீழையூரில் 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை செங்கல்லாலான பழைய படகுத்துறை ஒன்றை அகழ்ந்து கண்டது. ஒரே காலம், ஒரே கடல்; ஓர் ஊரில் கரை விலகியது, மற்ற ஊரில் கரை அழிந்தது. கடல்மட்டம் மட்டுமே காரணமாயின் இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கொற்கையை நிலத்துக்குள் தள்ளியது. காவிரியின் முகத்திலோ அரிப்பின் கை ஓங்கியது. கொட்டியாரக் குடாவில் மகாவலி சேர்க்கும் மண்ணைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

பூம்புகாருக்கு அப்பால் 23 மீற்றர் ஆழத்தில், குதிரைலாட வடிவான ஓர் அமைப்பை இந்தியத் தேசிய சமுத்திரவியல் நிறுவனத்தினர் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். அவ்விடம் கடைசியாக நிலமாயிருந்தது பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டு, ஆகவே அதுவும் அவ்வளவு பழைய நகரம் என்று சிலர் எழுதினர். இதிலுள்ள வழுவைக் கவனியுங்கள். கடல்மட்டக் கணக்கு நீருக்கு வயது சொல்கிறது, கல்லுக்கன்று. அது மனிதன் கட்டியதா என்பதே முதலில் நிறுவப்பட வேண்டும்.

குமரிக்கண்டத்தின் நிலையும் இதுவே. பிலிப் ஸ்கிளேற்றர் 1864 இல் மடகஸ்காரின் விலங்குகளை விளக்க ‘லெமூரியா’ என்ற நிலத்தைக் கற்பனை செய்தார். பிற்காலத்தில் நம் அறிஞர் சிலர் அதை இலக்கியத்தின் கடல்கோளோடு இணைத்தனர். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின், லெமூரியாவுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லாமற் போயிற்று. குமரிக்குத் தெற்கே சமுத்திரத்தின் ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றர். கடல் இறங்கியதோ 120 மீற்றர். கண்டம் ஒன்று வெளிவர அது போதாது. ஆயினும் குமரிமுனையை ஒட்டியும் மன்னார் வளைகுடாவிலும் அகன்ற கரைநிலம் நீருள் மறைந்தது உண்மை. நம் முன்னோர் கடலைப் பற்றி வீணாக அஞ்சவில்லை என்றே நான் கொள்கிறேன். அவர்கள் கண்டதும் கேட்டதும் அரித்த கரைகளாகவும் புகுந்த அலைகளாகவும் இருந்திருக்கலாம். கண்டம் இல்லை என்பதால் அவர்களுடைய துயரம் பொய்யாகிவிடாது.

புகுந்த அலைக்கும் மண்ணிலே சாட்சி உண்டு. அம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கரகன் களப்பின் சேற்றிலே குழாய் இறக்கி ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2014 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கரிய சேற்றின் நடுவே இடையிடையே கடல்மணல் படலங்கள். மிக மேலே உள்ளது 2004 இன் மணல். அதற்குக் கீழே, ஏறத்தாழ 7000 ஆண்டுகள் வரை நீளும் சேற்றில், அதுபோன்ற பழைய பேரலைகளின் மணல். கடல்மட்டம் ஆயிரம் ஆண்டுகளில் செய்வதை மெல்லச் சேர்ந்த சேறு சொல்கிறது. கடல் ஒரு காலைப்பொழுதில் செய்ததை மணற்படலம் சொல்கிறது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் உயிரிழந்த அந்த நாளும் களப்பின் அடியில் சில அங்குல மணலாகவே எஞ்சுகிறது.

இந்த விஞ்ஞானத்தின் பயன் பழமையோடு நின்றுவிடவில்லை. காலநிலை மாற்றத்தை ஆராயும் சர்வதேசக் குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் அதன் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். சில மில்லிமீற்றர்தானே என்று எண்ணி இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் உப்புச் சேற்றையும் முருகைக்கல்லையும் படித்தவர்கள் சொல்வது இது: கடந்த 3000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் உலகக் கடல் 1900 க்குப் பின் போல விரைந்து எழவில்லை. பழைய கடலின் கணக்கு இல்லாதிருந்தால், இந்த 3.7 மில்லிமீற்றர் பெரிதா சிறிதா என்று அளக்க நம்மிடம் கோலே இராது. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றருக்கும் குறைவான வேறுபாடே உள்ள நம் கரையில், களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணலில் வாழும் ஊருக்கு அந்தக் கோல் மிக அவசியம்.

அந்தக் கணக்கேடு நம்முடைய ஊர்களிலேயே கிடக்கிறது. கண்டல் நிற்கும் களப்பின் சேறு அதன் ஓர் ஏடு. கரையோர முருகைக்கல் இன்னோர் ஏடு. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கும் தீக்கும் கொடுத்த இழப்பை நாம் நன்கு அறிவோம். சூளையில் வெந்த முருகைக்கல்லிலிருந்து சுண்ணாம்பு கிடைக்கும். அது கண்டிருந்த கடலின் உயரம் பிறகு எவருக்கும் கிடைக்காது.